கடன்பட்டோர் சங்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே வெள்ளையர் சிலர் சிறு சிறு சங்கங்களாகக் கூடி, இளமை தொட்டுத் தம் உள்ளத்தில் படிந்து கிடக்கும் நிறச் செருக்கைத் தாமே ஆராய்ந்து களைய முயன்று வருகின்றனர். கறுப்பருக்கு உதவி புரிவது அச்சங்கங்களின் முதல் நோக்கமன்று. வீட்டிலும் பள்ளியிலும் ஆலயத்திலும் தம்மை அறியாமலே கற்றுக்கொண்ட மேட்டிமையை மறப்பதே அவர்கள் மேற்கொண்ட பயிற்சி. இதனைக் கேட்பார் சிலர், நோயாளி அங்கே கிடக்க நோயற்றவனுக்கு மருந்து எதற்கு என்று நகைப்பர். நோய் யாரிடத்தது என்பதன்றோ இங்கு வினா! நிறம் என்னுமிடத்து ஜாதி என்று வைத்துப் பார்ப்பின், இவ்வினா தேனிக்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் அயலானதன்று. ஆதலின் இத்தகைய முயற்சி நம் நாட்டில் எவ்வாறு தோன்றிற்று, எங்கே தளர்ந்தது என்பதனைச் சிறிது ஆராய்வாம்.

1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே மாதம் 30ஆம் நாள் பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கென ஒரு சங்கம் நிறுவப்பெற்றது. ஹரிஜன சேவா சங்கம் என்று பின்னர் வழங்கியது இதுவே. (அப்பெயரை அம்மக்களுள் பலர் ஏற்றுக்கொண்டிலர், சங்கத்தின் பெயர் என்னும் அளவில் மட்டுமே அதனை ஈண்டு எழுதுகின்றோம்.) பிர்லா அதன் தலைவராகவும், தக்கர் பாபா காரியதரிசியாகவும் அமர்ந்தனர். அதன் நிர்வாகத்தில் தாழ்த்தப்பட்டோர் ஏன் மிகுதியாக இல்லை என்று கேட்டவர்களுக்குக் காந்தியடிகள் கூறிய விடை கருதத்தக்கது. தீண்டாமை என்னும் பாவம் ஜாதி இந்துக்கள் செய்தது; அவர்கள் கடன்பட்டவர்கள்; கடனைத் தீர்க்கும் பொறுப்பும் அவர்களுடையதே என்பது அவர் கருத்து. எனவே, கொள்கையளவில் இது பிராயச்சித்தம் செய்வோரின் சங்கம். மேலிருப்போர் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள அமைத்த பாடசாலை.

பாடசாலை திறந்து இரண்டு திங்களும் நிரம்புமுன் அதன் பாடத்திட்டத்தை மறுத்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். வட்டமேஜை மகாநாட்டின் மூன்றாம் கூட்டத்திற்காக லண்டனுக்குக் கப்பலேறிச் செல்லும் வழியில், 1932 நவம்பர் 14ஆம் நாள் தக்கர் பாபாவுக்கு அவர் அதனை விடுத்தார். பள்ளி, நூல்நிலையம், மதுவிலக்கு முதலியவற்றால் தாழ்த்தப்பட்டவர் ஒவ்வொருவரையும் செம்மைப்படுத்தலாம் என்பது ஒரு வழி. அவரைச் சூழ்ந்து நெரிக்கும் சமூகத்தையே மாற்றுதல் மற்றொரு வழி. சங்கம் தன் ஆற்றலையெல்லாம் பின்னதற்கே செலவிடல் வேண்டும் என்பது அவர் வாதம். பொதுக் கிணறு, பள்ளி, ஊர்ச்சாவடி, வண்டி ஆகியவற்றில் உரிமை வேண்டும். தொழிலில் சமவாய்ப்பு வேண்டும். விருந்தினராகவேனும் பணியாளராகவேனும் அவர்கள் ஜாதி இந்துக்களின் வீட்டிற்குள் வந்து பழகுதல் வேண்டும். பழக்கத்தில் ஊறிய மனிதன் நெருக்கடி நேர்ந்தாலன்றிச் சிந்திக்கமாட்டான் என்று அவர் உறுதியாக நம்பினார். அக்கடிதம் கிடைத்ததென்று ஒரு வரி மறுமொழியும் தமக்கு வந்திலது என அவர் பின்னர் எழுதினார்.

சங்கம் விடுதிகள் வைத்தது, உதவிச் சம்பளம் வழங்கியது, கிணறுகள் தோண்டியது. அவற்றால் பயனடைந்தோர் பலர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பொதுக் கிணற்றைத் திறந்துவிடுவதைக் காட்டிலும் தனிக் கிணறு தோண்டித் தருவது எளிது. தருபவன் மனம் அதனால் சிறிதும் நோவதில்லை, குளிரவும் செய்கிறது. இங்ஙனம் கடன்பட்டவன் மெல்ல மெல்லக் கொடையாளியாகிவிட்டான்.

இதற்கு விலக்கானவரும் உளர். தமிழ்நாட்டில் அச்சங்கத்தின் தலைவராயிருந்த மதுரை வக்கீல் வைத்தியநாத ஐயர், 1939 ஜூலை 8ஆம் நாள் கக்கன் முதலிய அன்பர்களை உடன்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தார். வைதிகர் அவரைத் தூற்றினர், வழக்குகள் எழுந்தன, நுழைந்தாரைக் காக்க அரசாங்கம் அவ்வாண்டே சட்டம் செய்தது. தேனிப் பகுதி அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது; 1996இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஐயர் பிறருக்குக் கொடுத்தது யாது என்பதினும், தம் இனத்தாரிடையே தமக்கிருந்த மதிப்பில் எவ்வளவு இழக்கத் துணிந்தார் என்பதே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

மிஷன் கல்லூரியைச் சார்ந்த நாம் நம் வீட்டுக் கணக்கையும் புரட்டிப் பார்த்தல் முறை. பெரியகுளம் உள்ளிட்ட இப்பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்கன் மதுரை மிஷன், 1847இல் தன் ஊழியர் ஜாதியை அறவே விடுதல் வேண்டும் என விதித்தது. எவர் சமைத்ததாயினும் உடனிருந்து உண்பதே அதற்குச் சோதனை. வேதத்தை ஏற்றவர் பலர் அந்த ஒரு கவளத்தை ஏற்கமாட்டாமல் வேலையை விட்டு நீங்கினர். உபதேசம் செவியில் புகுந்த அளவிற்குத் தொண்டையில் இறங்கவில்லை போலும்! ஆனால் கணக்கில் மறுபக்கமும் உண்டு. அதே மிஷனார் 1845 முதல் கோடைக்கானலில் வீடு கட்டி வேனிலைக் கழித்தனர். மோட்டார்ச் சாலை இல்லாத அக்காலத்தில் பெரியகுளத்து மலையடிவாரத்திலிருந்து அவர்களையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் டோலியிலும் நாற்காலியிலும் வைத்து மேலே சுமந்தவர்கள் நம் நாட்டுக் கூலியாட்கள். பந்தியில் சமத்துவம் வற்புறுத்தியவர்கள், மலைப்பாதையில் சுமப்பவன் யார், சுமக்கப்படுபவன் யார் என்ற வினாவைத் தம்மிடம் எத்துணை முறை கேட்டுக்கொண்டனரோ! இன்று அமெரிக்கச் சங்கங்களில் வெள்ளையர் தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்வது அவ்வினாவே.

அரசியற் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 1955இல் அதற்குத் தண்டனையும் வகுக்கப்பட்டது. சட்டம் கையைத் தடுக்கும். கண்ணைத் திருத்துவது வேறு வேலை. எழுமலைக்கு அண்மையிலுள்ள உத்தப்புரத்தில் தெருக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6ஆம் நாள் இடிக்கப்பட்டபோது, சுவருக்கு உரிமை கொண்டாடியவர்கள் பலர் குடும்பத்தோடு ஊரை விட்டு வெளியேறி மலையடிவாரத்தில் தங்கினர். வெயிலிலே கிடப்பதும் அவர்களுக்கு எளிதாயிருந்தது; திறந்த பாதையைக் காண்பது அரிதாயிருந்தது. 2011 அக்டோபரில் இரு திறத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அடுத்த திங்களில் தாழ்த்தப்பட்டோர் அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுள் சென்று வழிபட்டனர். நெருக்கடி சிந்திக்க வைக்கும் என்ற அம்பேத்கரின் கணிப்புக்கு இதனினும் அண்மையான சான்றை யாம் அறியோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் அத்தகைய பாடசாலை ஒன்று அமையுமாயின் அதற்குக் கட்டடம் வேண்டுவதில்லை. விடியுமுன் ஜீப்புகள் ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. தோளோடு தோள் இடிக்க, முழங்காலோடு முழங்கால் முட்டப் பல ஜாதியாரும் அவற்றுள் அமர்கின்றனர். இடமின்மை அங்கே தீட்டைத் தீர்த்துவிடுகிறது. மாலையில் இறங்கியதும் அவரவர் தெரு அவரவரைப் பிரித்துக்கொள்கிறது. மேலைத்தெருவார் ஒருவர், தேர்தலுக்கு வாக்குக் கேட்கவும் வேலைக்கு ஆள் தேடவும் அன்றி, வேறெதற்காக அந்த மற்றத் தெருவினுள் சென்றுவந்தோம் என்று ஓராண்டுக் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். அங்கே யார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தாரா, அவ்வீட்டாரைத் தம் வீட்டு அடுக்களை வரையில் அழைத்தாரா என்பனவும் அதில் இருக்கட்டும். எழுதிய தாளைத் தம் ஜாதியாரிடம் காட்டுதல் போதாது. அந்தத் தெருவார் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தித் தரக் கேட்டல் வேண்டும்.