மண்டபத்துக்கு எத்தனை கேவிஏ?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயலையும் இந்தப் பகுதி மறக்கவில்லை. இங்குள்ள பண்டசோழநல்லூர் போன்ற ஊரில் இன்று கடையோ மண்டபமோ கட்டுகிறவர்கள், கரண்ட் போனால் சமாளிக்க ஜெனரேட்டருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குவது நல்ல விஷயம். ஆனால் கேவிஏ கணக்கில் சொல்லப்படும் அதன் அளவைத் தீர்மானிப்பது பக்கத்து மண்டபத்துக்காரர் வைத்திருக்கும் செட், அல்லது "பெரிசாவே வாங்கிடு தம்பி, நாளைக்கு உதவும்" என்கிற அப்பாவின் சொல்.

சின்னக் கடைக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். கிளினிக்குக்கு யூபிஎஸ்ஸும் சிறிய டீசல் செட்டும் வேண்டும். குழப்பமெல்லாம் மோட்டாரும் ஏசியும் உள்ள கட்டடத்தில்தான்.

ஒரு திருமண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கு, ஃபேன், மைக்செட் 10 கிலோவாட், ஒன்றரை டன் ஏசி ஆறு, அவற்றுக்கு 10, கிரைண்டருக்கு 2, 7.5 ஹெச்பி தண்ணீர் மோட்டாருக்கு ஆறரை. கூட்டினால் 28.5. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் 24 என்று வைக்கலாம். பவர் ஃபேக்டர் 0.8ஆல் வகுத்தால் 30 கேவிஏ. சிக்கல் மோட்டார் கிளம்பும் நொடியில் வருகிறது: நேரடி ஸ்டார்ட்டரில் அது ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 40 கேவிஏ செட் போதும்.

இதே மண்டபத்துக்கு 125 கேவிஏ வாங்குகிறவர்களும் உண்டு. இது வேண்டவே வேண்டாம். முகூர்த்தம் இல்லாத நாளில் ஆபீஸும் வாட்ச்மேன் விளக்கும் சேர்ந்து 3 கிலோவாட்கூட வராது. செட்டோ 100 கிலோவாட் தரக்கூடியது. திறனில் முப்பது சதவீதத்துக்கும் கீழே டீசல் இன்ஜினை நெடுநேரம் ஓட்டினால் உள்ளே சூடு போதாமல் டீசல் முழுக்க எரியாது. சைலன்சரில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும், சிலிண்டர் வழுவழுப்பாகி ஆயிலைக் குடிக்கும். 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி, இந்த அளவு செட்டுகளில் புகையைச் சுத்தம் செய்யும் சாதனமும் சேர்ந்தே வருகிறது. அதற்கும் நல்ல சூடு வேண்டும். ஆக, அதிக விலை கொடுத்துப் பழுதை வாங்குகிறோம்.

அவசரம் வேண்டாம். ஏற்கெனவே இயங்கிவரும் மண்டபமாக இருந்தால் சித்திரை, வைகாசி முகூர்த்த நாட்களில் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை வைத்து மூன்று பேஸையும் அளந்து குறித்து வையுங்கள். விலைப்பட்டியலோடு வருகிறவரைவிட, உட்கார்ந்து கூட்டிப் பார்க்கப் பொறுமையுள்ள உள்ளூர் வயர்மேன் மேல். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களும் படிப்புச் சான்றிதழோடு அந்தப் பொறுமையையும் பழக வேண்டும்.

மண்டபம் பின்னால் பெரிதாகும் என்றால் இன்னொரு செட்டுக்கு இடமும் கேபிள் பாதையும் விட்டு வைக்கலாம். எந்த அளவு வாங்கினாலும், 2024இல் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலே மேடை கட்டி அதில் நிறுத்துங்கள்.