பனிமலை தரும் எச்சரிக்கை

ஜம்மு காஷ்மீரில், பீர் பாஞ்சால் மலைத்தொடரின் மடியில் குல்மார்க் என்னும் ஊர் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரிலிருந்து, அஃபர்வத் மலையின் 3,900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் வரை ரோப்கார் செல்கிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வீரர்கள் பலர் இங்கு வருகின்றனர். அவர்களுள் சிலர், கண்காணிப்பு உள்ள தடங்களைக் கடந்து, ஆளரவமற்ற சரிவுகளில் தாமே ஏறிச் சறுக்கி இறங்குவர். அங்கே அவர்கள் முதலில் கற்க வேண்டியது சறுக்கும் கலையை அன்று. பனியின் நிலையை அறியும் கலையையே. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் இம்மலையில் நிகழ்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் உயிரிழந்தனர்.

பனிச்சரிவு ஏன் நிகழ்கிறது?

மலைமீது பனி ஒரே நாளில் சேர்வதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. கடுங்குளிர் நீடிக்கும் நாள்களில், மெல்லிய பனிப்படலத்தின் அடியிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனி கெட்டியான பாளமாகப் படியும். சாய்ந்த தட்டில் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் ஓர் அட்டையை வைத்ததைப் போன்றது இந்நிலை. சறுக்கு வீரர் ஒருவரின் எடையே அப்பாளத்தை முறித்துச் சரியச் செய்யப் போதுமானது. பனிச்சரிவில் சிக்குவோருள் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ தூண்டிய சரிவிலேயே சிக்குகின்றனர்.

புறப்படுமுன்

சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம், இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. பயணக்குழு அதனை முதலில் அறிதல் வேண்டும். அண்மையில் எவ்வளவு பனி பொழிந்தது, காற்று எத்திசையில் வீசியது, வெப்பம் திடீரென உயர்ந்ததா ஆகிய மூன்றையும் ஆராய்தல் வேண்டும். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கும். ஆகவே, வானம் தெளிந்திருக்கும் நாளிலும் சரிவின்மேல் சுமை கூடலாம்.

வழியில்

பாளமாகச் சரியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன. ஆதலால் வீரர்கள் சாய்மானியால் சரிவை அளக்கின்றனர். தாம் நிற்கும் இடம் சமமாக இருப்பினும், மேலே செங்குத்தான சரிவு உள்ளதா எனவும் நோக்குகின்றனர்.

பனியும் சில அறிகுறிகளைக் காட்டும். அருகிலுள்ள சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம், காலடியிலிருந்து பாய்ந்தோடும் விரிசல், பனி உள்ளே அமிழும்போது எழும் ‘வும்ப்’ என்னும் ஒலி ஆகியன அவை. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் செங்குத்தான சரிவை விட்டு விலகுதலே அறிவுடைமை.

குழி தோண்டிப் பார்த்தல்

அடுக்குகளின் வலிமையை அறியக் குழி தோண்டுவர். 30 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள பனித்தூணைத் தனியே பிரித்து, அதன்மேல் மண்வாரியின் தகட்டை வைத்துத் தட்டுவர். மணிக்கட்டை அசைத்து 10 முறை, முழங்கையிலிருந்து 10 முறை, தோளிலிருந்து 10 முறை எனத் தட்டுதல் முறையாகும். சில தட்டுகளிலேயே தூண் வழவழப்பாக அறுந்து நழுவினால், அங்கே வலுவற்ற அடுக்கு உள்ளது எனத் தெளியலாம்.

தூண் அறுபடாவிடில் சரிவு முழுவதும் பாதுகாப்பானதா? அன்று. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பர். சோறு ஒரே பானையில், ஒரே நெருப்பில் வெந்தது. பனியோ பாறைக்குப் பாறை, மேட்டுக்கு மேடு வேறுபடும். தீய அறிகுறி ஒன்று திரும்பிச் செல்லப் போதும். நல்ல அறிகுறி ஒன்று முன்னேறிச் செல்லப் போதாது. முன்னே சென்றவரின் தடமும் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

திரும்பும் துணிவு

ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் வைத்திருத்தல் வேண்டும். பனியில் புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் மீட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அது விரைந்து குறையும். ஆகவே, ஐயமுள்ள சரிவை ஒருவர்பின் ஒருவராகவே கடப்பர். ஏனையோர் பாதுகாப்பான இடத்திலிருந்து கண்காணிப்பர். குழுவில் இளையவர் ‘வேண்டாம்’ என்றாலும் அனைவரும் திரும்புவதே நல்ல குழுவின் மரபு. சிகரம் மறுநாளும் அங்கேயே இருக்கும்.

சொற்பொருள்

பாளம் – கெட்டியான தட்டையான கட்டி
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
சாய்மானி – சாய்வை அளக்கும் கருவி
ஆளரவம் – மனித நடமாட்டத்தின் ஒலி

பயிற்சி

1. வானம் தெளிந்த நாளிலும் பனிச்சரிவு நிகழக் காரணம் யாது?
2. பனி காட்டும் மூன்று அறிகுறிகளை எழுதுக.
3. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி பனிக்கு ஏன் பொருந்தாது? நும் சொற்களில் விளக்குக.
4. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க: பனி – பணி, அரை – அறை.
5. பிரித்து எழுதுக: பனிச்சரிவு, இவ்வூர், அறிவுடைமை.