முன்பணம் கொடுக்குமுன்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைப் பகுதியில் பிழைக்கும் நம் சகோதரர்கள் பலர், வாடகை கொடுத்துச் சலித்து, சொந்தமாக ஒரு மனையோ வீடோ வாங்க முனைகின்றனர். நல்ல எண்ணம்தான். ஆனால் ஜும்ஆவுக்குப் பின் அவர்கள் நம்மிடம் கேட்கும் மஸ்அலாக்களைப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. விலையை எண்ணியிருக்கிறார்கள், செலவை எண்ணவில்லை.

மனையின் விலை 20 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம், 2017 முதல் 4 விழுக்காடாக இருந்து, 2023 ஏப்ரலில் 2 ஆயிற்று. ஆக, பதிவுக்கு மட்டும் 1,80,000 ரூபாய். வில்லங்கச் சான்று, வழக்கறிஞர், பத்திரம் எழுதுபவர், பட்டா மாறுதல் ஆகியவை தனி. பிறகு ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு. இப்பகுதியில் ஏரிப் பாசன வயல்கள் பலவும் மனைகளாகிவிட்டன. மண் கொட்டி மேடாக்காமல் கடைக்கால் போட முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் நின்றதைக் கண்டவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. கட்டிமுடியாத அடுக்குமாடி வீடென்றால் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

கையில் 20 லட்சம் மட்டும் வைத்திருப்பவர் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத் தவணையில் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். பதிவு நாள் நெருங்கும்போதுதான் மீதிச் செலவு தெரிகிறது. அப்போது தரகர் ஒரு யோசனை சொல்வார்: "வழிகாட்டி மதிப்பு குறைவுதானே பாய், அதையே விலையாக எழுதிவிடுவோம்." கொடுத்தது ஒன்று, எழுதியது ஒன்று! கொடுக்கல் வாங்கலை உள்ளபடி எழுதவும், சாட்சிகளை வைக்கவும் அல்லாஹ் திருமறையின் மிக நீண்ட வசனத்தில் (2:282) கட்டளையிடுகிறான். பொய்யென்று அறிந்தே அப்பத்திரத்தில் கையெழுத்திடும் சாட்சியும் இதில் கூட்டாளியே. நாளை கிரயம் ரத்தானால், பத்திரத்தில் இல்லாத தொகையைக் கேட்டு வாங்குவதும் எளிதன்று.

தவணை தப்பினால் முன்பணம் போகும். அதை விற்பவர் தமக்கே எடுத்துக்கொள்வது ஊர் வழக்கம். இதற்கு ஃபிக்ஹில் 'அர்பூன்' என்று பெயர். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இது கூடாது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். நம் பகுதியில் முந்திய இரு மத்ஹபினரே அதிகம் என்பதால், விற்கும் சகோதரரும் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோமே என்பது போதிய பதிலாகாது.

இரண்டுக்கும் அஞ்சியவர் வட்டிக்கு ஓடுகிறார். சில ஆயிரங்களுக்காக, ஆண்டுகணக்கில் பேணிய பேணுதல் ஒரே நாளில் போய்விடுகிறது! வட்டியில்லாக் கைமாற்றானாலும், திருப்பிக் கொடுக்கும் வழி சம்பளம் ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றதையும், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. ஆரம்ப காலத்தில், கடன் விட்டு இறந்து, அதைத் தீர்க்கப் பொருளும் வைக்காதவரின் ஜனாஸாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல், தோழர்களையே தொழச் சொன்னார்கள்.

ஆதலால் 20 லட்சம் உள்ளவர் 17 லட்சத்துக்குள் மனை தேடட்டும். பதிவுக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் போனாலும், மற்றச் செலவுகளுக்குக் கையில் ஏதேனும் மிஞ்சும். மதிப்பு 10 லட்சத்துக்குள் அமைந்து, பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. ஆனால் மனைவிக்கு மனதார ஹிபாவாகக் கொடுக்கிறோமா, பெயருக்கு எழுதுகிறோமா என்பதை அன்றே தெளிவாக்கிவிட வேண்டும். இல்லையேல் பின்னர் வாரிசுகளுக்குள் வழக்காகும்.

யாரும் எண்ணாத செலவு இன்னொன்று உண்டு. வீட்டுக்கென்று சேர்த்த பணம் நிஸாபை அடைந்து ஓராண்டு கையில் நின்றால், அதற்கு ஜகாத் கடமை என்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. 20 லட்சத்துக்கு அது 50,000 ரூபாய். வாங்கிக் குடியேறிய வீட்டுக்கு ஜகாத் இல்லை.