கரிசல் மண்ணும் தாழும் மின்கம்பியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மின்கம்பி தாழ்ந்து தொங்குவதைப் பற்றிப் பேசப் புகுந்தால், முதலில் மண்ணைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. பந்தல்குடி, பரளச்சி முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல், மழைநீரை உறிஞ்சி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்து மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் காப்பாற்றும் அம்மண், தன்னில் நட்ட கம்பத்தை மட்டும் நிலையாக நிற்க விடுவதில்லை. ஆண்டுதோறும் உப்பியும் சுருங்கியும் பிடி தளர, கம்பம் மெல்லச் சாய்கிறது. கம்பத்தடியை ஒட்டி டிராக்டர் ஓட்டுவதும், அங்கிருந்தே மண் வெட்டி எடுப்பதும், ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டுவதும் இச்சாய்வை விரைவுபடுத்துகின்றன.

சாய்வு சிறிதுதானே என்று எண்ணலாகாது. 50 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கம்பங்களுக்கிடையே கம்பி நடுவில் அரை மீட்டர் தொய்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கம்பத்தின் தலைப்பகுதி மற்றதன் பக்கமாக 10 சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலம் சாய்ந்தால், அத்தொய்வு ஏறக்குறைய ஒன்றரை மீட்டராகிவிடும் என்பது கணக்கு. நான்கங்குலச் சாய்வுக்கு மூன்றடித் தாழ்வு! கம்பம் நேராக நின்றாலும் வெயில் சும்மா விடுவதில்லை. காலையிலிருந்ததைவிடக் கம்பி 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அதே இடைவெளியில் மேலும் 30 சென்டிமீட்டர் வரை இறங்கக்கூடும். ஆகவே காலைக் குளிரில் பார்த்துவிட்டு, ‘கம்பி உயரத்தில்தான் இருக்கிறது’ என்று அமைதியடைதல் தகாது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும்.

இருக்க வேண்டிய உயரம்

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இதற்கு அளவு வகுத்துள்ளன. வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கம்பி தெருவைக் குறுக்கே கடக்குமிடத்தில் தரையிலிருந்து 5.8 மீட்டரும், தெருவோடு செல்லுமிடத்தில் 5.5 மீட்டரும் உயர்ந்திருத்தல் வேண்டும். உறையில்லாக் கம்பி தெருவல்லாத பிற இடங்களில் 4.6 மீட்டருக்குக் கீழே இறங்கலாகாது. வீட்டின் மேலே செல்லுமானால், மாடித்தளத்திலிருந்து செங்குத்தாக 2.5 மீட்டரும், பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இடைவெளி தேவை. 11,000 வோல்ட் கம்பியாயின் செங்குத்து இடைவெளி 3.7 மீட்டர். இவையெல்லாம் கம்பி மிகுதியாகத் தொய்ந்திருக்கும் நேரத்திலும் இருக்க வேண்டிய அளவுகள்.

உயரத்தை அறியக் கம்பையோ இரும்புக் குழாயையோ உயர்த்தி அளக்க முற்படுதல் உயிருக்கே உலை வைப்பதாகும். தொலைவில் நின்று, கம்பியும் அதே தூரத்திலுள்ள ஒரு சுவரோ கதவோ சேர்ந்து தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். கதவின் உயரத்தை அளந்து, அதைக்கொண்டு கம்பியின் உயரத்தை ஒருவாறு மதிப்பிட்டுவிடலாம்.

கம்பி இறங்காமல், கீழே உள்ளது உயர்ந்து போவதும் உண்டு. ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி எழுப்புவோர் கம்பியைக் கணக்கில் கொள்வதில்லை. மின்பாதைக்கு அருகில் கட்டடம் எழுப்பவோ உயர்த்தவோ எண்ணுவோர் முன்னதாகவே மின் பகிர்மானக் கழகத்திற்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்பது விதி. தம் வசதிக்காகப் பாதையை மாற்றக் கோருவோர் அதற்குரிய செலவைச் செலுத்த நேரிடும். தானே தொய்ந்துவிட்ட கம்பியை இழுத்துக் கட்டுவதோ கழகத்தின் கடமை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, செலவுக்கு அஞ்சிப் புகார் செய்யாமலேயே இருந்துவிடுவோர் பலர். தெருவை மேன்மேலும் உயர்த்திப் போடும்போது ஊராட்சியும் இதையே மறந்துவிடுகிறது. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். சாலை முன்னைவிட உயர்ந்திருந்ததும் அப்போது பெரிதும் பேசப்பட்டது. நம் ஊர்களில் சோளத்தட்டை ஏற்றிய வண்டிக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிக்கும், சப்பரத்திற்கும் இதே அபாயம் காத்திருக்கிறது.

வீட்டார் செய்யத் தகாதவை

தாழ்ந்த கம்பிக்கு மூங்கிலாலோ சவுக்குக் கழியாலோ முட்டுக் கொடுப்பதைக் கிராமங்களில் காண்கிறோம். மழையில் நனைந்த கழி மின்சாரத்தைக் கீழே கொண்டுவரும். காற்றில் கழி சரிந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி அறும். கம்பி செல்லும் மாடியில் துணி உலர்த்தக் கொடி கட்டுவதும், இரும்புக் கம்பத்தில் ஆண்டெனா நிறுத்துவதும் அத்தகையனவே. சீமைக் கருவேல் கம்பியைத் தொட்டு வளர்ந்திருந்தால், மின்சாரத்தை நிறுத்தச் செய்த பின்னரே வெட்ட வேண்டும். கம்பிக்குக் கீழே கரிமூட்டம் போடுவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு: கடும் வெப்பத்தில் அலுமினியக் கம்பி வலுவிழக்கும்.

கம்பி அறுந்து விழுந்தால்

‘கம்பி தரையில் விழுந்தால் ஃபியூஸ் போய்விடும், பிறகு பயமில்லை’ என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஈரமான நஞ்சை நிலத்திலேயே அதை நம்ப இயலாது. நம் வறண்ட பூமியிலோ அது பெரும்பாலும் பொய். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. கம்பிக்கும் பூமிக்கும் இடையே 100 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 2.3 ஆம்பியரே. மின்மாற்றியிலுள்ள ஃபியூஸ் உருக இதைப்போல் பன்மடங்கு வேண்டும். மனிதனைக் கொல்லவோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே தீப்பொறியுமின்றி, ஓசையுமின்றி, செத்த பாம்புபோல் கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கலாம். மின்தடையின்போது விழுந்த கம்பியும் அப்படியே. எந்த நொடியிலும் மின்சாரம் திரும்பி வரும். வீட்டிற்குள் பொருத்தியுள்ள மின்கசிவுத் தடுப்பான், வெளியே கிடக்கும் கம்பியைத் தடுக்காது.

அவ்விடத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகி நின்று, வருவோரையும் மாடுகளையும் தடுக்க வேண்டும். கம்பி தொட்ட இடத்திலிருந்து சுற்றியுள்ள தரையிலும் மின்னழுத்தம் பரவி, விலக விலகக் குறையும். எட்டி நடப்பவரின் ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏற்படும். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே அகன்ற தூரம் உள்ள கால்நடைகள், மனிதன் தப்பிக்கும் இடத்திலும் மடிவது இதனால்தான். அருகில் சிக்கிக்கொண்டவர் பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடி, தரையை விட்டுத் தூக்காமல் சிறிது சிறிதாக நகர்த்தி வெளியேறுதல் வேண்டும். வண்டியின் மேல் கம்பி விழுந்தால், தீப்பற்றினாலன்றி உள்ளேயே இருப்பது நலம்.

கம்பியைத் தொட்டவரைக் காப்பாற்ற ஓடுவது இயல்பே. அவ்வாறு ஓடியவரும் மாண்ட செய்திகள் அநேகம். உலர்ந்த குச்சியால் தள்ளலாம் என்ற பழைய அறிவுரை 11,000 வோல்ட் கம்பிக்குச் சற்றும் பொருந்தாது. விழுந்து கிடப்பது எந்தக் கம்பி என்று பதற்றத்தில் யாரால் நிச்சயிக்க முடியும்? மின்சாரத்தை நிறுத்தச் செய்வதே முதல் வேலை. உடனே பிரிவு அலுவலகத்திற்கோ, 2021இல் தொடங்கப்பட்ட மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிற்கோ தெரிவித்து, 108க்கும் சொல்ல வேண்டும். மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியானதும், மூச்சற்றுக் கிடப்பவரின் நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும்.

ஊராட்சி செய்யக்கூடியது

தனி வீட்டார் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் புகார் மறக்கப்படலாம். கிராம சபையின் தீர்மானம் பதிவேட்டில் நிற்கும். கிராம சபை கூடும் நாட்களில் இரண்டு இவ்வேலைக்கு மிகவும் பொருந்துகின்றன. மே 1, கம்பி வெயிலில் அதிகம் தொய்யும் காலம். அக்டோபர் 2, ஐப்பசி மழை கரிசலை நனைக்கும் முன் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. அக்கூட்டத்திற்கு முந்தைய வாரத்தில் உறுப்பினர்கள் தத்தம் வார்டைச் சுற்றிவந்து, சாய்ந்த கம்பம், தாழ்ந்த கம்பி, தளர்ந்த ஸ்டே, அடியில் சிமெண்ட் உதிர்ந்து உள்கம்பி தெரியும் கம்பம் ஆகியவற்றைப் பட்டியலிடலாம். ‘கோயிலருகே ஒரு கம்பம்’ என்று எழுதினால் பயனில்லை. கம்பத்தில் எண் இருந்தால் அதையும், இல்லையேல் அடுத்துள்ள வீட்டின் மின் இணைப்பு எண்ணையும், மின்மாற்றியின் பெயரையும், கம்பியின் உயர மதிப்பையும், பார்த்த நாளையும் நேரத்தையும் குறித்து, புகைப்படத்துடன் உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். தெருவிளக்கு மாற்றும் ஊராட்சிப் பணியாளரை அதே கம்பத்தில் ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டச் சொல்லலாகாது. அப்பணி, மின்சாரத்தை முறைப்படி நிறுத்தி, கம்பியைப் பூமியோடு இணைத்த பின்னர் மின் பகிர்மானக் கழகத்தின் பணியாளர் செய்ய வேண்டியது. வேலை முடியும்வரை, தாழ்ந்த கம்பியின் இருபுறமும் தொலைவிலேயே எச்சரிக்கைப் பலகை வைத்து, உயரமான பாரம் ஏற்றிய வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடுவது ஊராட்சியின் பொறுப்பில் இருக்கட்டும்.