ரேகை இருக்கும்... துடைச்சிடாதீங்க!

தூத்துக்குடி துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறீர்கள். பூட்டு உடைந்து கிடக்கிறது, பீரோ திறந்திருக்கிறது. உடனே என்ன செய்வோம்? "நகை இருக்கா, போச்சா" என்று பீரோவைத்தான் குடைவோம். அந்த ஒரு நிமிடத்தில், திருடன் விட்டுப்போன ரேகையை நம் கையே அழித்துவிடலாம்.

புற ஊதா ஒளி என்ன செய்யும்?

விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ரேகை வடிவிலேயே ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாது. வழக்கமாகப் பவுடர் தூவி எடுப்பார்கள். தூவாமலேயே பார்க்கவும் வழி உண்டு. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், வழவழப்பான பரப்பு அதை ஒரே பக்கம் திருப்பி அனுப்பும். ரேகைப் பசையோ நாலாபுறமும் சிதறடிக்கும். இந்த வித்தியாசத்தைத் தனி வகைக் கேமரா பிடித்து, நாம் பார்க்கக்கூடிய படமாக மாற்றித் தரும்.

முத்து, சங்குக் கடையின் கண்ணாடி ஷோகேஸ், டைல்ஸ், பிளாஸ்டிக் டப்பா போன்றவற்றில் இது நன்றாக வேலை செய்யும். சாதாரணக் காகிதத்தில் பசை உள்ளே ஊறிவிடுவதால், அதற்கு ரசாயன முறைதான்.

நம்ம செல்போனில் முடியுமா?

முடியாது. அந்த ஒளி சாதாரணக் கண்ணாடி லென்சைத் தாண்டாது. குவார்ட்ஸ் லென்ஸ் வேண்டும். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தான ஒளி அது. டி.என்.ஏ. தடயத்தையும் கெடுக்கும். அதனால் நிபுணர்களே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் பயன்படுத்துவார்கள். கடையில் கிடைக்கும் யு.வி. டார்ச்சை வாங்கி நீங்களே தேட வேண்டாம்.

நீங்க செய்ய வேண்டியது

• எதையும் தொடாமல் வெளியே வாங்க. 100 அல்லது 112-க்கு போன் பண்ணுங்க. 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது.

• வாசலில் நின்றபடி செல்போனில் படம் எடுத்து வைங்க.

• கூட்டிப் பெருக்காதீங்க, துடைக்காதீங்க. வெயிலும் காற்றும் பட்டு, நாளாக ஆக ரேகை மங்கும். தாமதம் வேண்டாம்.

• வீட்டில் உள்ளவர்களின் ரேகையையும் கேட்டால் கொடுங்க. உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. வீட்டாரின் ரேகையைக் கழித்தால்தான் வெளியாள் ரேகை தனியாகத் தெரியும்.

• முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்க. புகார் கொடுத்தவருக்கு அது இலவசம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. நிபுணர் வந்தாலும், ரேகை அங்கே இருந்தால்தானே எடுக்க முடியும்? அதைக் காப்பாற்றுவது நம்ம கையில்தான் இருக்கு.