எசென் மாநகரும் அதன் உலைக்களங்களும்

ஜேர்மனி நாட்டின் மேற்குப் பாகத்திலே, றூர் நதி தழுவிச் செல்லும் நிலத்தில் அமைந்தது எசென் மாநகரம். நிலக்கரிக்கும் உருக்குக்கும் பெயர்போன இந்நகர் ஆலைப் புகையிலே பிறந்ததன்று. கி. பி. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அல்பிரிட் என்னும் மேற்றிராணியார் உயர்குடி மகளிர்க்கென இங்கு ஒரு மடத்தை நிறுவினார். அம்மடத்துத் தலைவியரே பின்னர் இந்நிலத்தின் ஆட்சியையும் ஏற்று, 1803ஆம் ஆண்டு வரை அதனை நடாத்தினர். அவர்தம் தேவாலயத்தில், ஏறக்குறைய 980ஆம் ஆண்டளவில் ஆக்கப்பெற்ற தேவமாதாவின் படிமம் இன்றும் உளது. மரத்திற் செதுக்கிப் பொற்றகடு போர்த்திய அது முக்கால் மீற்றர் உயரமே உடையதாயினும், அவ்வன்னையின் தனித்து நிற்கும் சிலைகளுள் எஞ்சியவற்றில் மிகப் பழையதெனப் போற்றப்படுகின்றது.

நகரின் போக்கை மாற்றியவர் கிறுப் குடும்பத்தினர். 1811இல் பிரெடரிக் கிறுப் தொடங்கிய உருக்காலை கடனில் மூழ்கியது. 1826இல் அவர் இறந்தபோது அப்பொறுப்பு பதினான்கு வயதினரான மகன் அல்பிரட்டின் தலையில் விழுந்தது. அவர் தளரவில்லை. 1851இல் இலண்டன் மாநகரில் நடந்த பெருங் கண்காட்சியிலே, ஏறக்குறைய இரண்டு தொன் நிறையுடைய ஒரே உருக்குக் கட்டியை வைத்துக் காண்போரை வியப்பித்தார். அக்காலத்துப் புகையிரதச் சில்லுகளின் வளையங்கள் முனையோடு முனை பொருத்திச் செய்யப்பட்டமையால், வேகம் மிகுந்தவிடத்துப் பொருத்து விட்டுப்போதல் உண்டு. பொருத்தே இல்லாத வளையம் செய்யும் முறையை அல்பிரட் கண்டார். மூன்று வளையங்கள் பிணைந்த வடிவம் அவர்தம் ஆலையின் இலச்சினையுமாயிற்று. 1873இல் முற்றுப்பெற்ற அவரது குன்றின்மேல் மாளிகை, 269 அறைகளுடன் இன்றும் றூர்ப் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கின்றது.

ஆயினும், சில்லுக்கு உருக்கு வார்த்த ஆலையே பீரங்கிக்கும் வார்த்தது. செல்வம் வந்த வழியாகவே அழிவும் வந்தது. 1913இல் கட்டிமுடிக்கப்பெற்ற யூதரின் அழகிய தொழுகை மண்டபம் 1938இல் நாசிகளால் எரியூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், பிறநாட்டு மக்களும் சிறைமுகாம்களிலிருந்த யூத மகளிரும் ஆலைகளில் வலிந்து வேலை வாங்கப்பட்டனர். 1943 மார்ச்சு மாதம் முதலாக விழுந்த குண்டுகள் நகரின் பெரும் பகுதியை இடிபாடாக்கின. அல்பிரட்டின் வழிவந்த ஆலை அதிபர் 1948இல் நூரம்பேர்க் நீதிமன்றத்தில் குற்றவாளியெனக் காணப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பெற்றார்; எனினும் 1951இல் விடுதலையானார். எரிந்த மண்டபத்தின் சுவர்கள் வீழவில்லை. இன்று அது யூத பண்பாட்டு இல்லமாகத் திகழ்கின்றது.

எசெனுக்குச் செல்வோர் காணத் தவறலாகாதது சொல்வெரைன் சுரங்கம். 1932இல் தொழிற்படத் தொடங்கிய அதன் பன்னிரண்டாம் குழியின்மேல் 55 மீற்றர் உயரமான இரும்புக் கோபுரம் ஒன்று எழுந்து நிற்கின்றது. நாளொன்றுக்குப் பன்னீராயிரம் தொன் நிலக்கரி எடுக்கத்தக்கதாக அமைக்கப்பெற்ற இச்சுரங்கம் 1986 டிசெம்பர் மாதம் மூடப்பட்டது. பழைய இரும்பென்று அதனை விற்றிருக்கலாம். நகரத்தார் அவ்வாறு செய்தாரல்லர். 2001இல் அது உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்றது. நிலக்கரி கழுவிய பெருங் கட்டடத்தில் இன்று றூர்ப் பிரதேசத்தின் நூதனசாலை இயங்குகின்றது.

எனினும், சுரங்கத்தை மூடியதும் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. நிலத்தின் வயிற்றை வெறுமையாக்கியமையால் இப்பிரதேசத்தின் சில இடங்கள் இருபது மீற்றருக்கு மேலாகத் தாழ்ந்துவிட்டன. அங்கெல்லாம் நீர் தேங்காதிருக்க இடையறாது இறைத்தல் வேண்டும். இவ்வேலைக்கு முடிவில்லையாதலின் இதனை 'நித்தியக் கடமை' என்றே அம்மக்கள் அழைக்கின்றனர். நிலம் தாழுந்தோறும் நிலத்தடிக் குழாய்கள் உடையுமாதலால், நகரின் வடபாலுள்ள எம்ஷர் ஆறு நூறாண்டளவாகத் திறந்த கழிவு வாய்க்காலாகவே கிடந்தது. 1992இல் தொடங்கிய பெருமுயற்சியால், 2021ஆம் ஆண்டின் இறுதியில் அது கழிவுநீர் நீங்கிய ஆறாயிற்று. 2017ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியப் பசுமைத் தலைநகர் என்னும் சிறப்பையும் எசென் பெற்றது.

பெருந் தொழில்களைக் கற்கப் புகும் மாணவர் இந்நகரின் வரலாற்றையும் கருத்திற் கொள்வாராக. மண்ணிலிருந்து எடுத்த பொருள் மூன்று தலைமுறையிற் செலவாகிவிடும். எடுத்தமையால் வந்த கடமையோ பின்வரும் தலைமுறைகள் அனைத்திற்கும் உரியதாகும். அக்கடமையை மறையாது ஏற்றமையே எசென் மாநகரின் இன்றைய பெருமை.