மரக்காணத்திலிருந்து கரீபியனுக்கு

கேள்வி: அமெரிக்காவிலுள்ள மகள், “அப்பாவோட கரீபியன் கப்பல்ல ஒரு வாரம் போய்ட்டு வாம்மா” என்கிறாள். நாங்கள் பார்த்த கடல் மரக்காணம் மட்டும்தான். ஒத்துவருமா?
– வாசகி, கூட்டேரிப்பட்டு

பதில்: முதலில் சென்னையிலிருந்து ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கரீபியன் பக்கத்துக் கப்பல்தான். 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டு, மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு ஓடியது. பின்னாளில் கியூபாவின் ஹவானாவுக்கும் போய்வந்தது. சென்னைக்கு வந்த முதல் மாதமே, கப்பலில் சூதாட்டக்கூடம் இருக்கிறதென்று சர்ச்சை கிளம்பி, புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. நீங்கள் மயிலம் வழியாக பஸ் ஏறினால் போய்விடும் ஊர்! 2023 ஜூனில் இந்தக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. ஆண்டு முழுவதும் சென்னையில் நிற்காது. அட்டவணை பார்த்துப் பதியுங்கள்.

அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனி ஆசையில் உச்சித் தளத்துக்குப் போனால் தலைசுற்றல் இலவசம். சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். மதுவுக்கும் இன்டர்நெட்டுக்கும் கரைச் சுற்றுலாவுக்கும் தனி பில்.

கரையில் இறங்கினால் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கே வைத்திருங்கள். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நீங்களே டாக்சி பிடித்துப் போய்த் தாமதித்தால், கப்பலின் முதுகைத்தான் பார்க்கலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மகள் சொன்ன கரீபியன் பயணத்துக்கு மயாமியில் ஏறுவதானால் அமெரிக்க விசா இல்லாமல் நடக்காது. அந்த வேலையை மகளிடமே ஒப்படையுங்கள்.